செவி வழியே ஒரு திருத்தொண்டு

பக்தி செய்யும் வழிகள் ஒன்பது என்று பிரகலாதன் வாயிலாகப் பாகவதம் உரைக்கிறது. அவற்றுள் முதலில் நிற்பது 'சிரவணம்', அதாவது கேட்டல். திருவள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். எழுத்தறியாதவரும், முதுமையாலோ நோயாலோ படிக்க இயலாதவரும் நல்லனவற்றை அறிய வேண்டுமானால் அவர்களுக்குத் திறந்திருக்கும் வாயில் செவி ஒன்றே. நம் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதம் படித்ததும், மார்கழியில் திண்ணைகளில் புராணம் சொன்னதும் இதனை நன்குணர்ந்த பெரியோர் செய்த ஏற்பாடுகள்.

அந்தத் திண்ணையின் இடத்தை இன்று கைப்பேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை உங்கள் பேரப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'ஐபாட்' என்ற பாட்டுக் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்ற சொல்லையும் இணைத்து, 2004-ஆம் ஆண்டு பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இலண்டனின் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய சொல் அது. வானொலி போன்றதே, ஆனால் நேரம் தவறிவிட்டால் நிகழ்ச்சி போயிற்றே என்ற கவலை இதில் இல்லை. ஒருவர் பேசிப் பதிந்து வைத்ததை, கேட்பவர் தமக்கு ஒழிந்த வேளையில், வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டுமானால் மறுபடியும் கேட்கலாம்.

வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் குடியிருப்பவன் நான். 63 நாயன்மார்களின் வரலாறுகளை வாரம் ஒன்றாக இவ்வாறு பதிந்து வெளியிடும் ஒரு சிறு தொண்டை, 2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் தொடங்கி 75 வாரங்களில் நிறைவு செய்தேன். அதற்கு எவ்வளவு செலவாயிற்று, எதில் சிக்கனம் பிடித்தேன், எதில் சிக்கனம் பிடிக்க மறுத்தேன் என்பதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூத்தவர் என் அக்கா, வயது 76. புனே நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் இல்லத்தில் பெரியபுராணத்தை முழுவதும் படித்தவர் அவர் ஒருவரே. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் ஓசையின்றி வந்து, அவருடைய இரு கண்களின் பார்வையையும் சில ஆண்டுகளில் கொண்டுபோய்விட்டது. அந்நோயில் பழுதுபட்ட பார்வை நரம்பு மீளாது. மருந்து எஞ்சியிருப்பதைக் காக்குமேயன்றிப் போனதைத் தராது. மகளும் மருமகனும் அலுவலகம் செல்பவர்கள். கல்லூரிக்குச் செல்லும் பேத்தி தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். சேக்கிழார் பாட்டைப் படித்துக் காட்டும் அளவுக்குப் பழக்கமில்லை. தபாலில் வரும் பக்தி இதழ்களைக்கூட அக்கா கையால் தடவிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிடுவார் என்று என் மருமகள் சொன்னாள்.

ஒருநாள் தொலைபேசியில் அக்கா, "தம்பி, வாரத்துக்கு ஒரு நாயனாரையாவது நீ எனக்குப் படிச்சுக் காட்டக் கூடாதாடா?" என்று கேட்டார். ஞாயிறு தோறும் படித்தேன். ஒருபுறம் தொடர்பு அறுந்து அறுந்து வரும்; மறுபுறம் நான் படிக்கும் நேரத்தில் அவருக்கு உறக்கம் வரும், அல்லது வீட்டுக்கு யாரேனும் வந்துவிடுவர். பதிந்து அனுப்பினால் அவர் விருப்பம்போல் கேட்பாரே என்று தோன்றியது. இரண்டு வாரம் அவ்வாறு அனுப்பியதும், அக்கா அதனைத் தம் அடுக்ககத்தில் உள்ள இரண்டு தமிழ்ப் பெண்மணிகளுக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் தங்கள் தாயாருக்குக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புவதைவிட, எவரும் வந்து கேட்கும் இடத்தில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் தொடர் பிறந்தது இப்படித்தான்.

வங்கிக்காரன் என்பதால், தொடங்குமுன் பேரேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கினேன். இணையத்தில் இதற்கென விளம்பரப்படுத்தப்படும் கருவிகளின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஒலிவாங்கிக்கே பல ஆயிரம். அதைத் தாங்கும் இரும்புக் கைக்குச் சில ஆயிரம். சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகைக்கு வேறு. இவற்றுள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. சட்டையில் மாட்டிக்கொள்ளும் காலர் மைக் 850 ரூபாய். அதனைக் கைப்பேசியில் செருக ஓர் இணைப்பான் 150. காதை முழுதும் மூடும் ஒலிபெருக்கிக் கவசம், அதாவது ஹெட்போன், 600. பதிந்தவற்றைச் சேமிக்கும் பென் டிரைவ் 400. ஆக மொத்தம் 2,000 ரூபாய். கைப்பேசியும், பழைய மடிக்கணினியும், இணைய இணைப்பும் முன்பே வீட்டில் இருந்தவை. ஒலியைச் சீர்செய்ய 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருள் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே வழங்கப்பட்டு வருகிறது.

மலிவான கருவியில் நல்ல ஒலி வருமா என்று கேட்பீர்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் கருவியன்று, அறை. வெறும் சுவரும் சிமென்டுத் தரையும் உள்ள அறையில் பேசினால், நம் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்து நம் குரலோடேயே கலந்துவிடும். திருவையாற்றுக் கோயில் பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று 'ஐயாறா' என்று அழைத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பர். அங்கே அது இறைவனின் மறுமொழி போல மெய்சிலிர்க்க வைக்கும். கதை சொல்லும்போது அந்த எதிரொலியே பகையாகிவிடும். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, முதியவர் காதுக்குப் புரியாமல் போகும்.

துணி ஒலியை விழுங்கும். ஆகவே, என் மனைவியின் புடவைகள் தொங்கும் மர அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னே ஸ்டூல் போட்டு அமர்ந்து, முதுகுப்புறத்தில் கொடி கட்டி இரண்டு ஜமக்காளங்களைத் தொங்கவிட்டேன். "முப்பத்தாறு வருஷம் கேஷ் ரூமுக்குள்ள உட்கார்ந்தது போதாதா? இப்ப என் பீரோவுக்குள்ள வேற உட்காரணுமா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் நான் பதியும் வேளையில் மிக்ஸியை ஓடவிடாமல் காத்தவளும் அவளே. மின்விசிறியை நிறுத்த வேண்டும்; குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் கேட்காத அறையாக இருக்க வேண்டும்; கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப' என்னும் எழுத்தை உச்சரிக்கும்போது வெளிப்படும் காற்று அதில் மோதாது. பேசத் தொடங்குமுன் அரை நிமிடம் வாய் திறவாமல் அறையின் மௌனத்தை மட்டும் பதிய வேண்டும். அந்த மௌனத்தில் உள்ள மெல்லிய இரைச்சலை அடையாளம் கொண்டு, பேச்சின் அடியில் கிடக்கும் அதே இரைச்சலை மென்பொருள் குறைத்துவிடும்.

எங்கள் தெருவில் விடியற்காலம் பால் வண்டிக்கும் குயிலுக்கும் உரியது. மாலை ஒலிபெருக்கிகளுக்கு உரியது. பிற்பகல் 2 மணி முதல் 3 மணி வரை தெருவே உறங்கும். அதுவே நான் பதியும் நேரமாயிற்று.

எழுதுவதிலும் ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. அலுவலகக் குறிப்புகளில் ஒரு வாக்கியத்தை அரைப் பக்கத்துக்கு நீட்டிப் பழகிய கை இது. காதால் கேட்பவர் பக்கத்தைப் பின்னே திருப்பிப் பார்க்க இயலாது. எனவே 'அவர்', 'இவர்' என்று சுட்டாமல் நாயனாரின் பெயரையே மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும். ஊர் மாறும்போது, மாறுவதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டும். என் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள். 15 நிமிடத்துக்கு 1,500 சொற்கள். ஒவ்வொரு வாரமும் சேக்கிழார் பாடல்களையும், சி.கே. சுப்பிரமணிய முதலியாரின் உரையையும் வைத்துக்கொண்டு, என் சொந்த நடையில் எழுதி, ஒருமுறை மனைவியிடம் படித்துக் காட்டுவேன். அவள் "யாரு?" என்று கேட்கும் இடங்களையெல்லாம் திருத்துவேன்.

பிறகு வந்தது பண். நாயன்மார் வரலாற்றைத் திருமுறை இசையின்றிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய ஒலிநாடாக்களிலிருந்து எடுத்துப் போடலாமே என்று ஓர் இளைஞர் யோசனை சொன்னார். பாடல் பன்னிரு திருமுறையில் உள்ளது. அது நம் அனைவருக்கும் பொது. ஆனால் ஒருவர் பாடிய ஒலிப்பதிவு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் வரை சட்டப்படி உரிமை உடையது. வில்லங்கம் பார்க்காமல் ஈடு வாங்காத துறையிலிருந்து வந்தவன் நான். பிறர் உடைமையை எடுத்து இறைவனுக்குச் சாத்த விரும்பவில்லை.

எங்கள் பேட்டைச் சிவாலயத்தில் ஓர் ஓதுவார் இருக்கிறார். 70-ஐ நெருங்கும் வயது. சாயரட்சையில் தீபாராதனைக்குப் பிறகு அவர் பாடும்போது பெரும்பாலும் நாலைந்து பேர் நிற்போம். சில நாள்களில் நந்தியெம்பெருமானும் நானும் மட்டும். அவரிடம் சென்று என் எண்ணத்தைச் சொன்னேன். அவர் உடனே இசையவில்லை.

"சார், நீங்க நல்லதுன்னுதான் செய்றீங்க. ஆனா பாட்டு வீட்டுக்கே வந்துட்டா, ஜனங்க கோயிலுக்கு எதுக்கு வருவாங்க? இப்பவே அஞ்சு பேர்தான் நிக்கிறாங்க" என்றார்.

தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. கோயிலில் கேட்பது வேறு. கருங்கல் தூணும், விளக்கின் எண்ணெய் மணமும், அருகில் கைகூப்பி நிற்பவரின் மூச்சும் சேர்ந்ததே அந்தப் பாட்டு. அதனைக் கைப்பேசிக்குள் அடைத்துவிட்டேன் என்று எவராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். என் அக்காவின் நிலையைச் சொன்னேன். "வர முடிஞ்சவங்களுக்காக இல்லை ஐயா. வர முடியாதவங்களுக்காக" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு இருவருமாக ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு வாரமும் அவர் இரண்டு அல்லது மூன்று பாடல்கள் மட்டுமே பாடுவார். பதிகம் முழுவதையும் பாட மாட்டார். முடிவில் அந்த நாயனார் எந்த ஊரினர், அங்குள்ள கோயில் எது, அவருக்குக் குருபூசை எந்த மாதத்தில் எந்த நட்சத்திரத்தில் என்பதை நான் சொல்ல வேண்டும். "மீதிப் பதிகத்தை உங்கள் ஊர்ச் சிவாலயத்தில் ஓதுவாரிடம் கேளுங்கள்" என்று சொல்லி முடிக்க வேண்டும். இந்த நிபந்தனை அவருடையது. தொடருக்கு அதனினும் நல்ல முடிவுரையை என்னால் எழுதியிருக்க முடியாது.

சந்நிதியில் பதியும் எண்ணம் எனக்கு இல்லை. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்ய வேண்டுமென்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. தரிசனத்துக்கு வருவோரின் அமைதியை நினைத்தால் அது சரியென்றே எனக்குப் பட்டது. ஆகவே கோயில் மதிலை அடுத்த ஓதுவார் வீட்டின் உள்ளறையில், பாயும் போர்வையும் கட்டிப் பதிந்தோம். தொடரின் தொடக்கத்தில் ஒலிக்கும் மணியோசை மட்டும், அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மதிலைத் தாண்டி வந்ததைப் பிடித்தது. சற்றுத் தொலைவிலிருந்து வரும் மணி அது. கோயிலுக்குப் புறப்படும்போது தெருமுனையில் நமக்குக் கேட்பதும் அப்படித்தானே!

அவருக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு வந்தது. "சாமி காரியத்துக்குக் காசா?" என்றார். அவர் பெருந்தன்மை அது. அதனை நான் பயன்படுத்திக்கொள்வது முறையாகாது. இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, அவர்களில் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கியதைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவன், பாடுபவர் வயிற்றுக்கு இவ்வளவு என்று கணக்கும் எழுதிவைத்தான். கணக்கெழுதிப் பிழைத்த என் போன்றோர்க்கு அந்தக் கல்வெட்டு ஒரு வேதம்.

வாரத்துக்கு 500 ரூபாய் என்று அவரை இசையச் செய்தேன். 75 வாரங்களுக்கு 37,500 ரூபாய். கருவிகளுக்குச் செலவிட்டது 2,000. மொத்தம் 39,500 ரூபாயில் பெரும்பகுதி ஒரு மனிதரின் குரலுக்கும் உழைப்புக்கும் சென்றது. மாதக் கணக்கில் பார்த்தால், என் ஓய்வூதியத்துக்குள் அடங்கிய தொகையே. குறைந்த செலவில் பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கையே காட்டுகிறேன். கருவியில் குறைக்கலாம், அலங்காரத்தில் குறைக்கலாம், விளம்பரத்தை அறவே விட்டுவிடலாம். பிறர் உழைப்புக்கு உரியதில் மட்டும் குறைக்கலாகாது.

பெரிய கருவி இல்லையே என்று தயங்குவோர்க்குப் பெரியபுராணமே விடை தருகிறது. திருஞானசம்பந்தரின் பாட்டை யாழில் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் வாசிப்பதால்தான் பதிக இசை பரவுகிறது என்று சுற்றத்தார் பேசியது கேட்டு அஞ்சி, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டினார். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் சம்பந்தர் அவ்வாறே பாடினார். இசை யாழின் நரம்புகளுக்குள் அடங்கவில்லை. பாணர் யாழையே உடைக்கத் துணிந்தபோது, சம்பந்தர் தடுத்து, கருவியில் வந்த அளவிலேயே வாசிக்கும்படி அருளினார். 850 ரூபாய் மைக்கைக் கையில் பிடித்த முதல் நாள் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வந்தது. கருவிக்கு எல்லை உண்டு என்பதற்காக வாசிப்பதை விட்டுவிடத் தேவையில்லை.

வெளியிடுவதும் எளிதே. பாட்காஸ்ட்களை இலவசமாக வைத்திருந்து வழங்கும் தளங்கள் உள்ளன. அங்கே ஒருமுறை ஏற்றிவிட்டால், தொடருக்கென ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரியைக் கொண்டு பல செயலிகள் புதிய பகுதியைத் தாமே எடுத்துக்கொள்ளும். பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டுவதில்லை. ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் சேமித்தால் 15 நிமிடப் பகுதி 7 எம்.பி. அளவிலேயே அடங்கும், குறைந்த டேட்டா உள்ள முதியவருக்கும் சுமையாகாது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இடம் என்றும் இருக்கும் என்று எண்ணலாகாது. 'கூகுள் பாட்காஸ்ட்ஸ்' என்ற செயலியே 2024-இல் மூடப்பட்டது. எனவே ஒவ்வொரு பதிவையும் மடிக்கணினியில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு படிகள் வைத்திருக்கிறேன். ஓலைச்சுவடிகளைக் கறையான் தின்றதை நம்பியாண்டார் நம்பி காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். இக்காலத்துக் கறையான் வேறு உருவில் வரும்.

முதல் வாரம் கேட்டவர் 11 பேர். அவர்களில் ஏழு பேர் உறவினர். இருபதாவது வாரத்தில் 100-ஐத் தாண்டியது. நகரில் கடை வைத்திருக்கும் ஒருவர், மாதம் 5,000 ரூபாய் தருவதாகவும், ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் தம் கடையின் பெயரைச் சொல்ல வேண்டுமென்றும் கேட்டார். கோயில்களுக்குக் கொடையளித்தோர் பெயர்களைக் கல்லில் பொறித்த மரபு நம்முடையது. கொடையை நான் இழிவாகக் கருதவில்லை. ஆயினும், கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பும் இடத்தில் கடையின் முகவரியைச் சொல்ல நாவெழவில்லை. "விளம்பரம் வேண்டாம், விரும்பினால் ஓதுவாரின் சம்பாவனையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சென்றார். பிறகு வரவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இனி 39-ஆவது வாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேக்கிழார் வரிசையில் 30-ஆவதாக வருபவர் தண்டியடிகள் நாயனார். திருவாரூரில் பிறவியிலேயே கண் பார்வை இன்றிப் பிறந்தவர். கோயிலின் மேற்கே உள்ள கமலாலயக் குளம் தூர்ந்து குறுகியிருப்பதை அறிந்து, தாமே அதனைத் தோண்டி அகலப்படுத்த முனைந்தார். குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, அதே கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். ஏளனம் செய்தோர் உண்டு. முடிவில் இறைவன் அருளால் அக்குளத்தில் மூழ்கி எழுந்தபோது பார்வை பெற்றார்.

இந்த வரலாற்றை எழுத அமர்ந்தேன், பேனா ஓடவில்லை. மீளாத பார்வையோடு கேட்டுக்கொண்டிருக்கும் என் அக்காவிடம், பார்வை மீண்ட ஒருவர் கதையை எந்தக் குரலில் சொல்வது? ஆறுதலாகச் சொன்னால் பொய்யாகும். தவிர்த்துவிட்டால் நாயனாருக்கும் அக்காவுக்கும் அவமதிப்பாகும். அவரிடமே கேட்டேன். அக்கா சிரித்தார். "நீ ஏண்டா தவிக்கிற? இதை நான் சொல்றேன். எனக்குப் பாடம்" என்றார்.

பேத்தி கட்டிலின் மேல் போர்வையால் கூடாரம் போட்டு, கைப்பேசியை உள்ளே வைத்துப் பதிந்து அனுப்பினாள். 16 நிமிடம். தாளில்லை, குறிப்பில்லை. மூச்சு வாங்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தார். பார்வை பெற்ற நிகழ்ச்சியை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கயிற்றைப் பற்றித்தான் நிறையப் பேசியிருந்தார். எத்தனை அடிக்கு ஒருமுறை கால் வழுக்கியிருக்கும், ஈர மண்ணின் மணத்தைக் கொண்டே குளத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை எப்படி அறிந்திருப்பார், கூடை நிறைந்துவிட்டது என்பதைக் கை எவ்வாறு சொல்லும் என்பனவற்றையெல்லாம், அருகில் இருந்து கண்டவர் போல விவரித்திருந்தார். "கண் கிடைச்சது சுவாமியோட கருணை. அது அவர் இஷ்டம். கயிறு கட்டினது நாயனாரோட வேலை. நமக்கு அதுதான் பாடம்" என்று முடித்திருந்தார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நெடுநேரம் அலமாரி முன்னேயே அமர்ந்திருந்தேன். அந்தப் பதிவின் ஒன்பதாவது நிமிடத்தில் புனே வீட்டுச் சமையலறையின் குக்கர் விசில் இரண்டு முறை கேட்கும். வெட்டி எடுப்பது எளிது, நான் எடுக்கவில்லை. என் கைபட்ட பகுதிகளையெல்லாம்விட அதிகம் பேர் கேட்டது அந்தப் பகுதியே. பார்வை குன்றிய தாயாரை உடைய ஓர் அன்பர், அதனை வாரந்தோறும் தம் தாயார் கேட்பதாகத் தகவல் அனுப்பினார். ஓதுவார் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பதிவுக்கான 500 ரூபாயைத் திருப்பி நீட்டினார். "இந்த வாரம் உங்க அக்காவுக்கு" என்றார். நான் வாங்கவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் அந்தத் தொகைக்கு நல்லெண்ணெய் வாங்கிச் சந்நிதி விளக்குக்குக் கொடுத்தோம்.

அவருடைய பழைய கேள்விக்கும் ஒருநாள் அவரே விடை சொன்னார். சாயரட்சை முடிந்து வெளியே வந்தவரை இரண்டு இளைஞர்கள் வழிமறித்து, "கைப்பேசியில் மூணு பாட்டுதான் கேட்டோம், ஐயா. மீதியைப் பாடுவீங்களா?" என்று கேட்டார்களாம். மண்டபத்தில் உட்கார வைத்துப் பதிகம் முழுவதையும் பாடியிருக்கிறார். இரண்டு பேர் என்பது பெரிய எண்ணிக்கையன்று. ஆனால் ஐந்து பேர் நிற்கும் இடத்தில் ஏழு பேர் நிற்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றம்.

63 நாயன்மார் வரலாறும் நிறைவு பெற்றுவிட்டன. தில்லைவாழ் அந்தணர் முதலான தொகையடியார் ஒன்பதின்மர் எஞ்சியுள்ளனர். அவர்களைத் தாம் சொல்வதாக அக்கா அறிவித்துவிட்டார், பேத்திதான் பதிகிறாள். பாட்டியின் உச்சரிப்புக்காகக் காது கொடுத்துக் கொடுத்து, அவளுக்கும் தமிழ் எழுத்தில் வேகம் வந்திருக்கிறது.

வாசக அன்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கோயில் இருக்கும். அதன் தலவரலாற்றை, ஏட்டில் ஏறாத செவிவழிச் செய்திகளை, தேரோட்டத்தில் யார் முதலில் வடம் பிடிப்பர் என்ற வழக்கத்தை, பழைய திருவிழாக்களின் நிகழ்ச்சிகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் இருப்பார். அவர் குரல் இன்னும் எத்தனை ஆண்டு என்பதை நாம் அறியோம். கைப்பேசி உங்களிடம் இருக்கிறது. இரண்டு ஜமக்காளங்களும் இருக்கும். 2,000 ரூபாயைப் பெரிதாக எண்ணாத குடும்பங்கள் பல உண்டு. எண்ண வேண்டிய நிலையில் உள்ளவர்கள் கைப்பேசியோடு மட்டும் தொடங்கலாம், ஒலி சற்றே குறைவாக இருக்கும், அவ்வளவே. முதலில் அந்தப் பெரியவருக்கு ஒரு வேட்டியும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுத்து, அனுமதி பெற்று, எதிரே உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு அவரைப் பேச விடுங்கள்.